பானையும் குதிரையும்: சிதைவு பற்றிச் சில குறிப்புகள்

1

நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்வதாக இருக்கிறோம். ஒருவர் ஓவியர், ஒருவர் ஃபோட்டோ எடுப்பவர், மூன்றாவது நான். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏதேனும் ஒரு கண்மாய்க்கரையில் ஒரு தண்ணீர்ப் பானையை வைத்துவிட்டு, பத்து வருஷம், மாதம் ஒரு தடவை, ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில் அதைப் படம் எடுப்பது. மொத்தம் 120 படங்கள். பானைக்கு நேர்வது நேரட்டும். வெயில், மழை, மாடு, பையன்கள், எதிலிருந்தும் அதைக் காப்பாற்றுவதில்லை. கடைசியில் படங்களையும் மிஞ்சிய ஓடுகளையும் ஓர் அறையில் வைத்துக் காட்டுவது. திட்டம் இவ்வளவுதான்.

காரியம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. காகிதத்தில் இருக்கும்போதே இதற்கு முன்னால் இந்த வழியில் யார் யார் போயிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது என்று எனக்குப் பட்டது. முக்கியமான காரணம், புதுக்கோட்டைச் சீமையில் சுட்ட மண்ணை வெட்டவெளியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது புதிய காரியமே அல்ல. அய்யனார் கோயில்களில் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவருகிறார்கள். அதற்கு ஒரு நாள் உண்டு, ஒரு முறை உண்டு, கூலி உண்டு. இதைக் கணக்கில் எடுக்காமல் நாம் போய் ஒரு பானையை வைத்தால், பழைய காரியம் ஒன்றில் பாதியை மட்டும் செய்துவிட்டு அதற்குப் புதுப் பெயர் சூட்டியவர்களாவோம். ஆகவே இந்தக் குறிப்புகள்.

2

பொருள் அழிவதையே படைப்பாக்கும் வழக்கம் மேற்கில் அறுபது வருஷத்துக்கு மேற்பட்டது. நாஜிகளிடமிருந்து தப்பிச் சிறுவனாக இங்கிலாந்து வந்து சேர்ந்த குஸ்தவ் மெட்ஸ்கர், தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கலை என்ற கொள்கையை 1959-இல் அறிவித்தார். 1961-இல் லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் நைலான் திரையின்மீது அமிலத்தைத் தெளித்து, திரை கரைந்து கிழிவதைக் கூட்டத்துக்குக் காட்டினார். டீட்டர் ரோத் 1970-இல் லாஸ் ஏஞ்சலீஸில் பாலாடைக்கட்டி நிரப்பிய சூட்கேஸ்களை அடுக்கிவைத்து, அது நாறிப் புழுத்துப்போவதைக் கண்காட்சியாக்கினார். யோசப் பாய்ஸ் டுஸ்ஸல்டார்ஃப் கலைக்கல்லூரியில் ஓர் அறை மூலையில் 1982-இல் வெண்ணெயை அப்பிவைத்தார். அவர் இறந்த 1986-லேயே, துப்புரவு வேலை செய்தவர்கள் அதை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பிறகு வழக்கு, நஷ்டஈடு.

இந்த வரிசையில் எங்கள் திட்டத்துக்கு மிக அருகில் வருவது ஸோயி லியனார்ட் செய்தது. நண்பரும் கலைஞருமான டேவிட் வொய்னரோவிச் 1992-இல் எய்ட்ஸ் நோயில் இறந்த பிறகு, தின்றுவிட்டு எறியும் ஆரஞ்சுத் தோல், வாழைப்பழத் தோல், எலுமிச்சைத் தோல் இவற்றை அவர் ஊசி நூலால் தைக்க ஆரம்பித்தார். உள்ளே பழம் இல்லாத பழங்கள். 1997 வரை சுமார் முந்நூறு தைத்தார். இடையில் ஷைடமான் என்ற பாதுகாப்பு நிபுணர் இவற்றைக் கெடாமல் நிறுத்திவைக்க வழி தேடினார், வழியும் கிடைத்தது. கிடைத்ததைப் பார்த்த பிறகு லியனார்ட் வேண்டாம் என்றுவிட்டார். தோல் சுருங்கிக் கறுத்துப் பொடியாவதுதான் படைப்பு, அதை நிறுத்தினால் படைப்பு நின்றுவிடுகிறது என்பது அவர் நிலை. ஃபிலடெல்ஃபியா ம்யூஸியம் 1998-இல் இந்த நிபந்தனையோடுதான் அதை வாங்கிக்கொண்டது. காப்பாற்றுவதற்கென்றே ஏற்பட்ட ஸ்தாபனம், காப்பாற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்டு ஒன்றை வாங்கியது என்பது சாதாரண விஷயமல்ல.

ஆனால் இவர்கள் எல்லோருக்கும் ம்யூஸியம் தேவைப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் காப்பாற்றும் ஓர் இடம் இருந்தால்தான் அங்கே ஒன்றைக் காப்பாற்ற மறுப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. அந்த இடத்தின் சுவர்களுக்கு வெளியே ஆரஞ்சுத் தோல் குப்பை, வெண்ணெய் அழுக்கு. டுஸ்ஸல்டார்ஃப் துப்புரவுக்காரர்களின் ரசனையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கும் கலைக்கும் நடுவில் யாரும் ஒரு கோடு போட்டுக் காட்டியிருக்கவில்லை.

நமக்கு இந்தச் சண்டை இருக்கிறதா? புதுக்கோட்டையில் ம்யூஸியம் இருக்கிறது. சமஸ்தான காலத்தில் 1910-இல் ஏற்படுத்தியது, இப்போது திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. ஆனால் கண்மாய்க்கரைக்கும் அதற்கும் பகை எதுவும் இல்லை. கரையில் வைத்த பானையை யாரும் காப்பாற்றப் போவதில்லை என்பதால், காப்பாற்ற மாட்டேன் என்ற அறிவிப்பும் அங்கே யார் காதிலும் விழாது. எங்கள் பானைக்கு அர்த்தம் வேறெங்கிருந்தாவது வர வேண்டும்.

3

முதலில் பொருளின் குணம். மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போகிறது என்று பானையைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வார்கள். கவிதைகளிலும் இது தாராளமாக வருகிறது. சுட்ட பானையைப் பொறுத்தவரை இது உண்மையல்ல.

பச்சை மண்ணில் வனைந்த பானையைக் காயவைத்து, சுடாமல், ஐப்பசி மழையில் வைத்தால் சிறிது நேரத்தில் சேறாகிவிடும். அந்தச் சேற்றை எடுத்து மறுபடி வனையலாம். சூளையில் ஏறி இறங்கிய பானை அப்படியல்ல. நம் பக்கத்துத் திறந்த சூளைகளின் சூடு சுமார் 600 முதல் 800 டிகிரி சென்டிகிரேடு இருக்கும். அந்தச் சூட்டில் களிமண் தன் உடம்போடு கட்டுண்டிருந்த நீரை இழந்துவிடுகிறது. பிறகு எத்தனை வருஷம் தண்ணீரில் ஊறினாலும் பிசையும் குணம் திரும்பி வராது. பானை உடையும், ஓடு சிறுத்துச் சில்லாகும், சில்லு மூலை மழுங்கும். மண்ணாவது மட்டும் நம் காலத்தில் நடக்காது, நம் பேரன்கள் காலத்திலும் நடக்காது.

தொல்லியல் என்ற சாஸ்திரமே இந்த ஒரு குணத்தின்மேல்தான் நிற்கிறது. புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே பொற்பனைக்கோட்டையில் 2021-இல் அகழாய்வு தொடங்கியது. கோட்டையைக் கட்டிய மன்னன் யார் என்று மண் உடனே சொல்லிவிடவில்லை. கையில் வந்தவை பெரும்பாலும் பானை ஓடுகள்: கறுப்பும் சிவப்புமானவை, குறி கீறியவை. மரம் போய்விட்டது, துணி போய்விட்டது, சோறும் சொல்லும் போய்விட்டன. அடுப்படியில் மிக மலிவாக இருந்த சாமான் மட்டும் நிற்கிறது. இந்த மாவட்டத்தின் பொட்டல்களில் பல இடங்களில் முதுமக்கள் தாழிகள் விளிம்பு தெரியப் புதைந்து கிடக்கின்றன. புறநானூற்றின் 256-ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒரு பெண், தாழி வனையும் குயவனிடம், தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அகலமாக வனையச் சொல்கிறாள். குயவன் அப்படி வனைந்தானா என்பதைப் பாட்டு சொல்வதில்லை. வனைந்திருந்தால், உள்ளே வைத்த இருவரின் எலும்பும் கரைந்துபோன பிறகும், அவள் கேட்ட அகலம் மட்டும் இன்றைக்கும் எங்கேயோ இருக்கும்.

ஆகவே பத்து வருஷத்தில் பானை சிதைவதைக் காட்டுவோம் என்று நாங்கள் சொல்வதில் ஒரு சொல் பிசகாக இருக்கிறது. மண் சிதையப் போவதில்லை. அது பானையாக இருப்பதுதான் முடியப் போகிறது. தண்ணீர் நிற்காமல் போகும் ஒரு நாள் வரும். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் அநேகமாக எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரு மயிரிழை விரிசல் காமிராவுக்குக் கிடைக்காது. குடத்தைத் தூக்கும் பெண்ணின் இடுப்புக்குக் கிடைக்கும்.

4

பானை பானையாக இருப்பது முடிந்த பிறகு என்ன ஆகிறது என்பதற்கு ஊரில் ஏற்கெனவே ஓர் ஒழுங்கு இருந்தது. அதில் பாதி இன்றும் இருக்கிறது. தண்ணீர் கசியும் பானையில் தானியம் போட்டுவைப்பார்கள். விளிம்பு உடைந்தால் மாட்டுக்குக் கழுநீர்த் தாழி. அடி போனால் கவிழ்த்துச் சுண்ணாம்பும் கரியும் குத்திக் கொல்லையில் கம்பின்மேல் வைப்பார்கள். புதிதாகக் கட்டும் வீட்டின் முன்னால் கட்டித் தொங்கவிடுவார்கள். ஓட்டில் அடுப்பு நெருப்பு எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவார்கள். அதைவிடச் சின்னதாக உடைந்தது பெண்பிள்ளைகள் கட்டம் போட்டு நொண்டி ஆடும் சில்லு. மிகப் பெரிய உடைசல்களைக் குயவரே திரும்ப எடுத்துக்கொள்வார்; சூளை மூட்டும்போது மேலே பரப்பி மூட அது வேண்டும். பழைய பானை புதுப் பானையை வேகவைக்கிறது.

இது அழகான ஏற்பாடு என்று சொல்லி இங்கேயே நிறுத்திக்கொள்ள முடிந்தால் சௌகரியம்தான். ஆனால் பானைகள் எல்லாம் தாமாக உடையவில்லை. உடைக்கப்பட்டவை அதிகம். சாவு வீட்டில் அடுப்படிப் பானைகளை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவார்கள். சுடுகாட்டில் தோளில் தண்ணீர்ப் பானையுடன் சுற்றிவந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொத்தல் போட்டு, கடைசியில் முதுகுப்புறம் போட்டு உடைப்பார்கள். போகிக்கு எறிவார்கள். இதன் அடியில் உள்ள எண்ணம், மண் உறிஞ்சும் என்பது. தண்ணீரை உறிஞ்சுவதுபோலவே தீட்டையும் உறிஞ்சுகிறது. செம்பைத் துலக்கினால் சுத்தம், மண்ணை உடைத்தால்தான் சுத்தம். தொடக்கூடாதவர் என்று ஊர் வைத்த மனிதரின் கை பட்டாலும் பானை உடைபட்டது. குயவருக்குக் களத்தில் நெல் அளந்த கிராமம்தான், அந்தப் பானையில் யார் மொண்டு குடிக்கலாம் என்பதையும் அளந்து வைத்தது. பானைகள் சீக்கிரம் உடைந்தது சூளை ஓயாமல் எரிந்ததற்கு ஒரு காரணம் என்றால், அந்த நெருப்பில் இந்த அநியாயத்துக்கும் பங்கு உண்டு.

இது முடிந்துபோன காலத்துப் பேச்சும் அல்ல. இதே மாவட்டத்தில், வேங்கைவயலில், 2022 டிசம்பரில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதை ஒட்டி அங்கே போன மாவட்ட அதிகாரிகள், பக்கத்து இறையூரில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும், அய்யனார் கோயிலுக்குள் அந்த மக்களை விடுவதில்லை என்பதையும் கண்டார்கள். ஆட்சியர் அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். தண்ணீர், பாத்திரம், அய்யனார் கோயில் என்று எங்கள் திட்டத்தில் வருகிற மூன்றும் அந்தச் செய்தியிலும் இருந்தன. பொதுக்கரையில் ஒரு பானை என்று காகிதத்தில் எழுதுவது சுலபம். பானையைப் பொறுத்தவரை பொது என்ற சொல்லுக்கு இந்தச் சீமையில் இன்னும் பொருள் தீர்மானமாகவில்லை.

5

இனிக் குதிரைகள். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் நமனசமுத்திரம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் இளங்குடிப்பட்டி. அங்கே அய்யனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இருபுறமும் சுட்ட மண் குதிரைகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பார்த்தவர்கள் சொல்வது பெரும்பாலும் எண்ணிக்கையையும் உயரத்தையும். நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. வரிசையில் ஒரே காலத்துக் குதிரைகள் இல்லை. பூச்சு மாறாதது ஒன்று, பூச்சுப் போய்ச் சிவப்புத் தெரிவது ஒன்று, பாசி பிடித்துக் கறுத்தது ஒன்று, காது, வால், கழுத்துமணி போனது, தலை போனது, நான்கு கால் மட்டும் குழாய்கள்போல் நிற்பது, கடைசியாக, செடிகளுக்குள் ஓட்டுக் குவியல். பத்து வருஷம் காத்திருந்து 120 படங்களில் நாங்கள் காட்ட நினைத்ததை அந்தப் பாதை ஒரே சமயத்தில் நிறுத்திக் காட்டுகிறது.

இந்தக் குதிரைகள் அங்கே வந்த முறை புரவியெடுப்பு. ஊர் கூடி முடிவு செய்து, கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் கொடுக்கிறது. பிடிமண் என்பது பெயர். வேளார்தான் குயவர், பல அய்யனார் கோயில்களில் பூசாரியும் அவரே. அந்தப் பிடிமண்ணைச் சேர்த்துக் கண்மாய்க் களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதிக்கிறார். கால்கள் உள்கூடான உருளைகள். அவை காய்ந்து சுமை தாங்கும் பதம் வந்த பிறகு வயிறு, அது காய்ந்த பிறகு மார்பு, கழுத்து, தலை. அவசரப்பட்டால் மேல் பாரத்தில் கீழே உட்கார்ந்துவிடும். பெரிய குதிரையைச் சூளைக்குத் தூக்கிப் போக முடியாது. நின்ற இடத்திலேயே வரட்டி, விறகு, வைக்கோல் அடுக்கி, மேலே மண் பூசி, குதிரையைச் சுற்றிச் சூளையைக் கட்டிச் சுடுகிறார்கள். அப்புறம் வெள்ளையும் வர்ணமும். திருவிழா நாளில் வேளார் கண் திறக்கிறார். ஊர் தோளில் சுமந்துபோய்க் கோயிலில் வைக்கிறது. குழந்தை வரம் கேட்டவர்கள் மதலை எடுக்கிறார்கள். மாட்டுக்கு நோய் தீர்ந்தவர்கள் மாடு எடுக்கிறார்கள். இதே கை, இதே மண், இதே நெருப்புதான் வாரச் சந்தைக்குச் சட்டியும் பானையும் கொடுத்தது. குதிரை பெரிய பானை. வயிறு அதே வயிறுதான்.

வைத்தபின் யாரும் அதைப் பராமரிப்பதில்லை. உடைந்ததை ஒட்டுவதில்லை, அப்புறப்படுத்துவதும் இல்லை. அய்யனாருக்கு வாகனம் கொடுத்தாயிற்று. அவர் இரவில் அதில் ஏறி எல்லையைச் சுற்றுகிறார். பழையது ஓய்ந்துபோனால் புதியது கொடுக்க வேண்டியது ஊரின் கடமை. மதுரைப் பக்கத்து வேளார்களிடையே இருந்து ஆராய்ந்த ஸ்டீஃபன் இங்க்லிஸ் 1980-இல் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்ட புத்தகத்திலும், பின்னால் எழுதிய கட்டுரையிலும் இந்தத் தொழிலை விவரித்திருக்கிறார். செய்வதும் உடைவதும் அங்கே ஒரே தொழிலின் இரண்டு பக்கம் என்பதை அவரிடமிருந்து நான் கற்றேன்.

இதிலிருந்து எனக்குக் கிடைப்பது ஒன்று. இளங்குடிப்பட்டி வரிசையில் சிதைவு எதையும் அறிவிப்பதில்லை. லியனார்டுக்கு அது துக்கம்; மெட்ஸ்கருக்கு அது எதிர்ப்பு. இங்கே அது அடுத்த குதிரைக்கு இடம் விடுதல், கொச்சையாகச் சொன்னால் அடுத்த ஆர்டர். குதிரை உடையாமல் இருந்தால் பிடிமண் கொடுக்க வேண்டியதில்லை. பிடிமண் இல்லாவிட்டால், கால் எந்தப் பதத்தில் வயிற்றைத் தாங்கும் என்று விரலால் தொட்டுச் சொல்லத் தெரிந்த கை ஒன்று அடுத்த தலைமுறையில் இருக்காது. ஜப்பானில் இஸே கோயிலை இருபது வருஷத்துக்கு ஒரு முறை புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக, 62-ஆவது தடவையாக, 2013-இல் முடித்தார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷமாக அங்கே காப்பாற்றப்படுவது மரம் அல்ல, தச்சு என்று எல்லோரும் வியந்து எழுதுகிறார்கள். அந்த வியப்பில் ஒரு பங்கு திருமயம் சாலைக்கும் வரலாம்.

6

இப்போது நடப்பது என்ன? பல ஊர்களில் சிமிண்ட் குதிரை வந்துவிட்டது. கம்பி கட்டிச் சிமிண்ட் பூசி எனாமல் வர்ணம் அடித்த குதிரை. அதன்மேல் எனக்கு விரோதம் இல்லை. அதை வைப்பவர்களுக்கு அவர்கள் நியாயம் இருக்கிறது. அடிக்கடி செலவு செய்ய முடியாது, ஒரே தடவையில் நிலையாகச் செய்துவிடலாம் என்கிறார்கள். ஆனால் நிலையாகச் செய்த அன்றைக்கு வேளாரின் தொழில் அந்த ஊரில் முடிகிறது. எவர்சில்வரும் பிளாஸ்டிக் குடமும் அடுப்படியில் செய்ததைச் சிமிண்ட் கோயிலில் செய்கிறது.

நிலைத்த குதிரை வேண்டும் என்ற ஆசை புதிதல்ல என்பதற்குக் குளமங்கலம் சாட்சி. ஆலங்குடி வட்டத்தில், கீரமங்கலம் பக்கத்தில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் 33 அடி உயரக் குதிரை நிற்கிறது. அது கட்டி எழுப்பிய குதிரை, நிற்கிற குதிரை. மாசி மகத்தன்று ஜனங்கள் அதன் உயரத்துக்கு நீண்ட காகிதப்பூ மாலைகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து சாத்துகிறார்கள். குதிரை அழியாததால், அழியும் வேலையை மாலை எடுத்துக்கொண்டுவிட்டது என்று நான் இதைப் படிக்கிறேன். வருஷா வருஷம் காகிதம் வாங்கி, வெட்டி, கட்டி, கொண்டுவர வேண்டியிருக்கிறது. நிலைத்ததற்கு முன்னால் நிலையாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால்தான் கொடுத்தது போலாகும் என்று ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

படித்தவர்கள் குதிரையை எடுத்துக்கொண்ட விதம் இதற்கு எதிர்ப்பக்கம். 1966-இல் சோழமண்டலம் ஏற்பட்ட காலத்தில், பணிக்கரைச் சுற்றியிருந்தவர்களுக்கு மேற்கைப் பார்த்து எழுதாத ஓர் உருவ மொழி வேண்டியிருந்தது. கிராம தேவதை, யந்திரம், கோலம், மண்குதிரை என்று தேடிப் போனார்கள். அது நியாயமான தேடல். நல்ல ஓவியங்களும் அதில் கிடைத்தன. ஆனால் காகிதத்துக்கும் வெண்கலத்துக்கும் வந்தது குதிரையின் கோடு. அதன் கழுத்து வளைவும் துருத்திய கண்ணும் வந்தன. அது உடையும் என்பது வரவில்லை. டில்லிக் கைவினை ம்யூஸியத்திலும், 1996-இல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ராவிலும் இந்தக் குதிரைகளைப் பார்க்கலாம். நன்றாக வைத்திருக்கிறார்கள். பராமரிக்கிறார்கள் என்பதுதான் அவை அங்கே வேறு பொருளாகிவிட்டதற்கு அடையாளம்.

இந்த இடத்தில் நம் சங்கதிக்கும் வர வேண்டியிருக்கிறது. சிற்றிதழ் மட்டமான தாளில் வந்தது. மரக்கூழ்த் தாளில் இருக்கும் அமிலம் அதை உள்ளிருந்தே பழுப்பாக்கி ஒடியச் செய்கிறது. மடித்த இடத்தில் முதலில் போகிறது. 1959-லிருந்து 1970 வரை வந்த ‘எழுத்து’ இதழ்களைக் கையில் எடுத்தவர்களுக்கு அந்தப் பொடி தெரியும். அவற்றைச் சேர்த்து வைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். புதுக்கோட்டையிலேயே ஞானாலயா நூலகம் இருக்கிறது; கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரம் 1994-லிருந்து சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. இவை இல்லாவிட்டால் நமக்கு முந்தைய வரலாறு வதந்தியாகப் போயிருக்கும். ஆனாலும் செல்லப்பா இதழைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனது அது பைண்டு செய்யப்பட வேண்டும் என்பதற்காக அல்ல, அடுத்த இதழ் வர வேண்டும் என்பதற்காக. இப்போது பழைய இதழ்களின் தொகுப்புகள் கனமான அட்டையில் வருகின்றன. நன்றாக விற்கவும் செய்கின்றன. புதிய இதழுக்குச் சந்தா கேட்டால் பதில் வருவதில்லை. நம்மிடமும் சிமிண்ட் குதிரை வந்துவிட்டதா என்று யோசிக்க வேண்டும்.

7

இவ்வளவையும் வைத்துக்கொண்டு திட்டத்துக்குத் திரும்பினால், அது கீழ்க்கண்டபடி அமைய வேண்டும் என்று நண்பர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

பானை கடையில் எடுத்ததாக இருக்கக் கூடாது. மாவட்டத்தில் இன்னும் சூளை மூட்டும் ஒருவரிடம் சொல்லி, அவர் கேட்கும் விலை கொடுத்து வனையச் செய்ய வேண்டும். மண் அவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதும் திட்டத்துக்குள் சேரும். ஐயாயிரத்துக்கு மேல் கண்மாய்களும் குளங்களும் உள்ள மாவட்டத்தில் ஒரு வண்டி களிமண்ணுக்குக் குயவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததுண்டு. 2024-இல்தான் வட்டாட்சியர் அளவிலேயே கட்டணமில்லாமல் அனுமதி தரும்படி அரசு விதியைத் தளர்த்தியது. படங்களோடு அந்த அனுமதிச் சீட்டும் சுவரில் இருக்கட்டும்.

பானை நேரே கரைக்குப் போகக் கூடாது. முதலில் ஒரு வருஷம் ஏதாவது ஒரு பொது இடத்தில், யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கும் தண்ணீர்ப் பந்தலில், அது தண்ணீர் வைத்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் என்பதை ஊரோடு பேசி நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான் பானை அங்கே போகலாம். பேச்சு முடியாவிட்டால், அந்த ஊரில் படமும் இல்லை. வேலை செய்யாத பானை சிதைவதற்கு எதுவும் இல்லை, அது ஜாடி.

இரண்டாவது வருஷம் பழைய பானை கரைக்குப் போகும்போது, அதே கையிலிருந்து புதுப் பானை பந்தலுக்கு வர வேண்டும். இப்படி வருஷத்துக்கு ஒன்று. பத்து வருஷத்தில் கரையில் ஒரு வரிசை இருக்கும்: முதலாவது ஓட்டுக் குவியலாக, கடைசியாக வந்தது முழுசாக. அப்படியானால் மாதாந்தரப் படமே தேவையில்லை என்று ஃபோட்டோ எடுக்கும் நண்பர் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காமிராவுக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி அப்போது மண்ணுக்கும் வரட்டிக்கும் கூலிக்கும் போகும். அறையில் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாமல் போகலாம் என்பது ஓவியரின் கவலை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கோயில் குதிரைகளை நாங்கள் தொடுவதில்லை. எங்கள் கண்காட்சியில் அவற்றின் படமும் இருக்காது. அவை யாருடைய திட்டத்துக்கும் உதாரணமாக நிற்கவில்லை.

இன்னும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. பத்து வருஷத்துக்குப் பத்துப் பானைக்கான செலவை மூன்று பேரும் பங்கிட்டுக்கொள்ள முடியும். பதினோராவது வருஷம் புதுப் பானையைச் சொல்லிவைக்கப் போவது யார் என்று மூன்று பேரும் கலந்து பேசினோம். ஊர் சொல்லிவைத்தால் காரியம் பலித்தது என்று அர்த்தம். சொல்லாவிட்டால் கரையில் பத்துப் பானையின் ஓடுகள் கிடக்கும், அவ்வளவுதான். அவை எப்படியும் நெடுங்காலம் கிடக்கும். சுட்ட மண் என்பதால்.